ஒலி அலையின் வேகத்தைக் கொண்டு பாறையின் வலிமையை மதிப்பிடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மாமல்லபுரத்தில் சிற்பி ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். மணி போல் ஒலித்தால் ஆண் கல், தாளம் போல் ஒலித்தால் பெண் கல், ஓசை எழாமல் அடங்கிப்போனால் அலிக்கல். அலிக்கல்லில் சிலை செதுக்க மாட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். தட்டுவதற்கு மின்னதிர்வு தரும் படிகமும், கேட்பதற்கு ஒரு திரையும் வைத்திருக்கிறோம். சிற்பிக்கு இல்லாத தொல்லை ஒன்று எங்களுக்கு உண்டு. "சரி, எத்தனை மெகா பாஸ்கல்?" என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. (மெகா பாஸ்கல் என்பது கல்லின் வலிமையைச் சொல்லும் அழுத்த அலகு.)

கோர்கள், அதாவது பாறையைத் துளையிட்டு எடுத்த உருளை வடிவ மாதிரிகள், பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அவற்றின் அமுக்க வலிமையை நேரடியாக அறிய வேண்டுமானால் ஒவ்வொன்றையும் வெட்டி, முனைகளைத் தேய்த்து, எந்திரத்தில் வைத்து நசுக்க வேண்டும். நேரமும் பணமும் செலவாகும், மாதிரியும் அழிந்துவிடும். சிதைந்த பாறை என்றால் வெட்டும்போதே உதிர்ந்துபோகும். அலை வேகத்தை அளக்கச் சில நிமிடங்கள் போதும், கல்லும் முழுதாகக் கையில் இருக்கும். எனவே சில கோர்களை மட்டும் நசுக்கி, மற்றவற்றின் வலிமையை வேகம், அடர்த்தி, நுண்துளை (கல்லின் பருமனில் வெற்றிடத்தின் பங்கு) ஆகியவற்றிலிருந்து மதிப்பிடுகிறோம். அதை முறையாகச் செய்வது எப்படி என்பதைச் சென்னையைச் சுற்றிக் கிடைக்கும் சார்னோக்கைட்டை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். நம் ஊரில் கருங்கல் என்ற ஒரே பெயரில் புழங்கும் கற்களில் இதுவும் ஒன்று. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் வைத்த பெயர் இது. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் இந்தக் கல்தான்.

சமன்பாட்டைக் கடன் வாங்குவதில் உள்ள ஆபத்து

இணையத்தில் தேடினால் வேகத்தைப் போட்டால் வலிமையைத் தரும் சமன்பாடுகள் டஜன் கணக்கில் கிடைக்கும். ஒரு கோரில் வேகம் வினாடிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு நான்கை மட்டும் போட்டுப் பார்ப்போம்.

கஹ்ராமன் 2001இல் துருக்கியிலிருந்து வெளியிட்டது: வலிமை = 9.95 × வேகத்தின் 1.21ஆம் அடுக்கு. விடை 70 மெகா பாஸ்கல்.

யாசரும் எர்தோகானும் 2004இல் கார்பனேட் பாறைகளுக்குத் தந்தது: வலிமை = (வேகம் − 2.0195) ÷ 0.032. விடை 93.

ஆஸ்திரேலியாவின் போவென் படுகை மணற்கற்களுக்காக மெக்னாலி 1987இல் தந்த சமன்பாடு, அலை ஓர் அடியைக் கடக்கும் நேரத்தை மைக்ரோ வினாடியில் கேட்கும். 304.8ஐ வேகத்தால் வகுத்தால் அந்த நேரம் கிடைக்கும், இங்கே 61. விடை 134.

சர்மாவும் சிங்கும் 2008இல் இந்தியாவிலிருந்து வெளியிட்டது: வலிமை = 0.0642 × வேகம் − 117.99. இதில் வேகத்தை வினாடிக்கு மீட்டரில் போட வேண்டும். விடை 203.

வேகம் ஒன்றே. விடையோ 70இல் தொடங்கி 203 வரை போகிறது. இந்த நான்கில் எதுவும் தவறில்லை. ஒவ்வொன்றும் பிறந்த பாறைக்குச் சரியானது. நம் கல்லுக்கு அவற்றில் எது பொருந்தும் என்று சொல்ல நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை, அவ்வளவுதான். வேகத்தை அளப்பது இந்த வேலையில் பாதிதான். அந்த வேகத்தை நம் கல்லின் வலிமையோடு நாமே இணைத்துக் காட்டுவது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியைச் செய்யாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

அலையின் வேகமும் வலிமையும் ஏன் சேர்ந்து நடக்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் கெடுப்பவை ஒரே விஷயங்கள்: நுண்துளை, நுண்விரிசல், தாதுக்களின் சிதைவு. குவார்ட்ஸில் அலை வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், கால்சைட்டில் 6.6. தண்ணீரில் 1.5, காற்றில் 0.34 மட்டுமே. வழியில் விரிசல் இருந்தால் அலை சுற்றிப் போகிறது. நசுக்கும்போது உடைவு தொடங்குவதும் அதே விரிசலில்தான். ஆனால் அலை கல்லை மிக மெல்ல அசைத்துவிட்டுப் போகிறது, எந்திரமோ உடையும்வரை அழுத்துகிறது. எனவே இரண்டுக்கும் உள்ளது உறவு மட்டுமே. அதை விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 1: கோர்களைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டியைத் திறந்ததும் கண் நல்ல கோர்களின் மீதுதான் விழும். நீல நிறத்தில் நீளமாக, வெட்டுவதற்கு வசதியாக இருக்கும். அவற்றை மட்டும் எடுத்தால் எல்லாப் புள்ளிகளும் வரைபடத்தின் ஒரே மூலையில் குவிந்துவிடும், கோடு வரைய முடியாது. புதிய கல், விளிம்பில் பழுப்பேறிய கல், முழுக்கப் பழுப்பாகிய கல் என எல்லாச் சிதைவு நிலைகளிலிருந்தும் எடுங்கள். குறைந்தது 20 கோர்கள் வேண்டும், 30 இருந்தால் நிம்மதி. ஒரு சமன்பாட்டுக்கு ஒரே வகைப் பாறை. சார்னோக்கைட்டையும் நடுவில் குறுக்கிடும் டோலரைட் என்ற வேறு வகைப் பாறையையும் கலக்கக் கூடாது.

54 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோருக்கு நீளம் விட்டத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருக்கட்டும். முனைகள் சமமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் தேய்க்கப்பட வேண்டும். வேக அளவீட்டுக்கும் நசுக்கும் சோதனைக்கும் அதே மாதிரியைப் பயன்படுத்தப்போகிறோம் என்பதால் தேய்க்கும் வேலை ஒருமுறைதான். வெர்னியரால் நீளத்தை மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

படி 2: எடையும் அடர்த்தியும்

இந்தப் பகுதிக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 13030. தேவை ஒரு நல்ல தராசும் பொறுமையும்.

கோரை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை பார்க்க வேண்டும். பிறகு வெற்றிடத்தில் தண்ணீரில் ஊறவைத்து, மேற்பரப்பை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து எடை பார்க்க வேண்டும். கடைசியாகத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு எடை. கணக்குக்காக ஒரு கோரை எடுத்துக்கொள்வோம். உலர் எடை 662.5 கிராம், ஊறிய எடை 668.0, தண்ணீருக்குள் 416.5.

பருமன் = 668.0 − 416.5 = 251.5 கன சென்டிமீட்டர்.
நுண்துளை = (668.0 − 662.5) ÷ 251.5 = 2.2 சதவீதம்.
உலர் அடர்த்தி = 662.5 ÷ 251.5 = 2.63.

நுண்துளை 2.2 சதவீதம் என்பது சொல்லும்போது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். படிகப் பாறையில் அது கவனிக்க வேண்டிய எண். அதே 2.2 சதவீதம் மணற்கல்லில் உருண்டையான துளைகளாக இருந்தால் வேகம் அதிகம் குறையாது. சார்னோக்கைட்டில் அது தட்டையான விரிசல்களாகப் பரவியிருக்கும், வேகத்தையும் வலிமையையும் சேர்த்து இழுத்துவிடும். துளையின் அளவை விட அதன் வடிவம்தான் பேசுகிறது என்பதால், நுண்துளையை மட்டும் வைத்து வலிமை சொல்ல முயலாதீர்கள்.

ஊறவைத்த கோரை மறுபடி உலர்த்திய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவு மழையில் நனைந்த ஒரு கோர் பெட்டியை மறுநாள் காலையில் அப்படியே அளந்தேன். வேகங்கள் எதிர்பார்த்ததை விட அருமையாக வந்தன. மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டேன். அவற்றில் சிலவற்றை ஈரத்தோடு நசுக்கியபோது வலிமை எதிர்பார்த்ததை விடக் குறைவாக வந்தது. எந்திரத்தில்தான் கோளாறு என்று அரை நாள் அதைக் குடைந்துகொண்டிருந்தேன்.

கோளாறு எந்திரத்தில் இல்லை. விரிசலுக்குள் காற்று இருந்தால் அது எளிதில் நசுங்கும், அமுக்க அலையான பி அலை தடுமாறும். தண்ணீர் நிறைந்தால் நசுங்க மறுக்கும், அலை விரைந்து போகும். அதே தண்ணீர் நசுக்கும்போது பாறையைப் பலவீனப்படுத்துகிறது. ஈரத்தில் வேகம் ஏறுகிறது, வலிமை இறங்குகிறது. உலர்ந்த கோர்களில் கட்டிய சமன்பாட்டில் ஈரக் கோரின் வேகத்தைப் போட்டால் பிழை ஆபத்தான பக்கம்தான் சாயும். சறுக்கு அலையான எஸ் அலையை ஈரம் அதிகம் பாதிப்பதில்லை. இரண்டையும் அளக்கும் வசதி இருந்தால், பி அலை மட்டும் தனியாக உயர்ந்திருப்பதே கோர் நனைந்திருக்கிறது என்பதற்கு நல்ல தடயம்.

படி 3: நேரத்தை அளத்தல்

நீளத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். சிறுவனுக்கும் தெரிந்த கணக்கு. தவறுகள் எல்லாம் நேரத்தை அளப்பதில்தான் நடக்கின்றன.

முதலில் டிரான்ஸ்டியூசரின் (கோரின் முனைகளில் வைத்து அலையை அனுப்பி வாங்கும் படிகக் கருவி) அதிர்வெண். பல கூடங்களில் கான்கிரீட்டுக்காக வாங்கிய 54 கிலோ ஹெர்ட்ஸ் கருவிதான் இருக்கும். கோரில் வேகம் 4.8 கிலோமீட்டர் என்றால் அந்த அலையின் நீளம் 89 மில்லிமீட்டர். கோரின் விட்டமே 54தான். அலைநீளம் கோரை விடப் பெரிதாக இருந்தால், விரிந்த பாறையில் ஓடும் வேகம் கிடைக்காது, ஒரு கம்பியில் ஓடும் வேகத்தை நோக்கி எண் சரியும். அந்தக் கம்பி வேகம் உண்மையானதை விடச் சுமார் 9 சதவீதம் வரை குறைவு. 500 கிலோ ஹெர்ட்ஸில் அலைநீளம் 10 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். அதே சமயம் பெரும்படிகக் கல்லில் அலைநீளம் படிக அளவை நெருங்கினால் அலை சிதறி மங்கும். படிகத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். நம் கருங்கல்லுக்கு 150 முதல் 500 வரை ஏதேனும் ஒன்று போதும்.

அடுத்தது தொடக்கப் பிழை. கருவி காட்டும் நேரத்தில் கேபிளிலும் டிரான்ஸ்டியூசரிலும் கழியும் நேரமும் சேர்ந்திருக்கிறது. கருவியோடு வரும் சோதனைத் தண்டின் மீது பொறித்திருக்கும் நேரம் திரையில் வரும்படி ஒவ்வொரு நாள் காலையிலும் சரிசெய்ய வேண்டும். தண்டு தொலைந்துபோயிருந்தால் (தொலைந்துதான் போயிருக்கும்) ஒரே கல்லிலிருந்து மூன்று நான்கு நீளங்களில் துண்டு வெட்டி, நீளத்துக்கு எதிராக நேரத்தை வரையுங்கள். அந்தக் கோடு நீளம் சுழியாகும் இடத்தில் நேர அச்சைச் சந்திக்கும் அளவுதான் கழிக்க வேண்டிய பிழை.

மேலே எடைபோட்ட கோரின் நீளம் 110 மில்லிமீட்டர் என்று கொள்வோம். திரையில் 24.0 மைக்ரோ வினாடி. பிழை 1.1. கழித்தால் 22.9, வேகம் 4.80 கிலோமீட்டர். கழிக்க மறந்தால் 4.58. ஒரு மைக்ரோ வினாடிக்கு இவ்வளவு அலட்டலா என்று தோன்றினால், கீழே இதே எண்களைச் சமன்பாட்டில் போடும்வரை பொறுங்கள்.

முனைகளில் கிரீஸோ ஸ்கேன் ஜெல்லோ மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். ஒரே அழுத்தத்தில் பிடிக்க ஒரு சிறிய அழுத்தச் சட்டம் செய்துகொள்வது நல்லது. கையால் அழுத்தினால் காலையில் ஓர் எண்ணும் மாலையில் வேறோர் எண்ணும் வரும். திரையில் அலை முதன்முதலாகக் கோட்டை விட்டு எழும் புள்ளியைத்தான் எடுக்க வேண்டும். சிதைந்த கல்லில் அந்த முதல் எழுச்சி மிகச் சிறியது. தானியங்கிக் கருவி அதைத் தவறவிட்டு அடுத்த மேட்டைப் பிடித்துக்கொள்ளும், வேகம் குறைவாகத் தெரியும். எனவே திரையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

எஸ் அலையும் கிடைத்தால் கல்லின் இயங்கு மீள்மை எண்ணை (அலை வேகத்திலிருந்து கிடைக்கும் விறைப்பின் அளவு) கணக்கிடலாம். உருமாற்றக் கணக்குக்கு அது பயன்படும். வலிமையை மதிப்பிட அதனால் எனக்குப் பெரிதாக ஆதாயம் கிடைத்ததில்லை.

படி 4: நசுக்குதல்

ஐ.எஸ். 9143 படி, வினாடிக்கு 0.5 முதல் 1 மெகா பாஸ்கல் வேகத்தில் அழுத்தம் ஏற்றவும். உடைந்த துண்டுகளை உடனே குப்பையில் போடாமல் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய விரிசல் ஒன்றின் வழியாகவே வழுக்கி உடைந்திருந்தால், அந்த முகம் பழுப்பாகவோ பச்சையாகவோ பூசினாற்போல் இருக்கும். அந்த எண் பாறையின் வலிமை ஆகாது, அந்த விரிசலின் வலிமை. சமன்பாட்டில் சேர்க்காதீர்கள். ஆனால் அறிக்கையில் காரணத்தோடு குறிப்பிடுங்கள். பிடிக்காத புள்ளியை ஓசையில்லாமல் நீக்குவது வேறு, காரணம் எழுதி விலக்குவது வேறு.

பட்டை பட்டையாக வரியோடும் நைஸ் போன்ற கல்லில் இன்னொரு பொறி. வரிக்கு இணையாக அலை வேகமாகவும் குறுக்கே மெதுவாகவும் போகும், இடைப்பட்ட கோணங்களில் வேகமும் இடைப்பட்டதாக இருக்கும். வலிமை அப்படி ஒழுங்காக நடக்காது. அழுத்தும் திசைக்கு வரி ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்திருக்கும்போது பள்ளத்தில் விழுந்து, பிறகு மறுபடி ஏறும். அந்தப் பள்ளத்தை வேகம் காட்டிக்கொடுக்காது. அப்படிப்பட்ட கல்லில் கோணத்தை அளந்து, கோணவாரியாகப் பிரித்தே சமன்பாடு கட்ட வேண்டும்.

படி 5: சமன்பாடு கட்டுதல்

இப்போது ஒவ்வொரு கோருக்கும் வேகம் ஒன்றும் வலிமை ஒன்றும் கையில் இருக்கின்றன. கணக்கு புரிவதற்காக ஆறு சோடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இவை பயிற்சி எண்கள்.

வேகம் 2.8, வலிமை 32
வேகம் 3.4, வலிமை 51
வேகம் 4.1, வலிமை 78
வேகம் 4.6, வலிமை 88
வேகம் 5.2, வலிமை 140
வேகம் 5.7, வலிமை 158

வலிமை உயர உயரச் சிதறலும் உயரும் என்பதால் வலிமையை அப்படியே வைத்துக் கோடு வரையாமல், அதன் இயல் மடக்கையை எடுத்து வரைவது நல்லது. எக்ஸெல்லிலேயே முடியும். கிடைப்பது:

வலிமையின் இயல் மடக்கை = 2.013 + 0.549 × வேகம்

நம் கோரின் 4.80ஐப் போட்டால் 104 மெகா பாஸ்கல். தொடக்கப் பிழையைக் கழிக்க மறந்த 4.58ஐப் போட்டால் 93. ஒரு மைக்ரோ வினாடியின் விலை 11 மெகா பாஸ்கல்.

அடர்த்தியையும் நுண்துளையையும் இந்தக் கட்டத்தில் சேர்க்கலாம். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒரே பாறையில் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. இரண்டையும் திணித்தால் கெழுக்கள் (சமன்பாட்டில் அவற்றைப் பெருக்கும் எண்கள்) அர்த்தமில்லாமல் துள்ளும், சில சமயம் நுண்துளை கூடினால் வலிமை கூடும் என்று கூடச் சமன்பாடு சொல்லும். நான் வழக்கமாக வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கி ஒரே எண்ணாகப் போட்டுப் பார்ப்பேன். சிதறல் குறைந்தால் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் வேகத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஐந்து கோர்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்து, சமன்பாடு கட்டிய பிறகு அவற்றின் வலிமையை முன்கூட்டிச் சொல்லி, பிறகு நசுக்கிப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை.

படி 6: வீச்சைச் சொல்லுதல்

மேலே உள்ள ஆறு புள்ளிகளுக்கு ஆர் ஸ்கொயர்டு, அதாவது கோடு புள்ளிகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண், 0.98 (முழுப் பொருத்தம் 1). பார்த்தால் யாருக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் அதே கணக்கில் ஒரு புதிய கோரின் வலிமைக்கு 95 சதவீத வீச்சு போட்டால், 104 என்று சொன்ன இடத்தில் உண்மை 79க்கும் 138க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆறு புள்ளிகள் மட்டும் என்பதால் வீச்சு இவ்வளவு அகலம். புள்ளிகள் கூடினால் கொஞ்சம் சுருங்கும், உண்மையான கல்லின் சிதறலோ பயிற்சி எண்களை விட அதிகமாகவே இருக்கும். ஆர் ஸ்கொயர்டை அச்சிட்டு வீச்சை மறைக்கும் அறிக்கைகள் ஏராளம். புள்ளிகளின் எல்லையைத் தாண்டியும் போகாதீர்கள். 2.8க்குக் கீழோ 5.7க்கு மேலோ இந்தச் சமன்பாட்டுக்கு வாயில்லை.

அலகுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். பழைய அறிக்கைகளில் வலிமை சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராமில் இருக்கும். 1 மெகா பாஸ்கல் என்பது அதில் 10.2.

தளத்தில் அளந்த வேகம்

நிலத்தில் சுத்தியலடித்து விலகல் முறையில் (அடுக்குகளில் வளைந்து திரும்பும் அலையைப் பிடித்து) அளக்கும் நில அதிர்வு வேகத்தை இந்தச் சமன்பாட்டில் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. அந்த அலையின் நீளம் பல மீட்டர். பிளவுகள், மண் நிரம்பிய இடுக்குகள், நிலத்தடி நீர் எல்லாவற்றையும் கடந்துதான் அது வருகிறது. கோரின் வேகம் 4.8, அதே ஆழத்தில் தளத்து வேகம் 2.9 என்றால், 2.9ஐ 4.8ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள். 0.37 வரும். எண் ஒன்றை நெருங்க நெருங்கப் பிளவு குறைந்த பாறைத் தொகுதி. 0.37 என்றால் நிறையப் பிளவு. கல் வலுவாக இருந்தும் தொகுதி நொறுங்கிக் கிடக்கலாம். சுரங்கம் தோண்டுபவருக்கு இரண்டும் தெரிய வேண்டும், தனித்தனியாக.

அறிக்கையில் மதிப்பீட்டை எழுதும்போது பாறையின் பெயர், உலர்ந்ததா நனைந்ததா, அதிர்வெண், நசுக்கிய கோர்களின் எண்ணிக்கை, சமன்பாடு செல்லுபடியாகும் வேக எல்லை, வீச்சு ஆகிய ஆறும் அதே பக்கத்தில் இருக்கட்டும். வடிவமைப்பாளருக்கு 60 மெகா பாஸ்கல் போதும் என்றால், 79 முதல் 138 வரை என்ற மதிப்பீடு அவருக்கு முழு விடை, மேற்கொண்டு எதுவும் தேவையில்லை. அவருக்கு வேண்டியது 100 என்றால் அந்தக் கோரை எடுத்துக்கொண்டு எந்திரத்துக்குப் போங்கள்.